கான்ஃபிக்கை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை: ஜாவா செயலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாவில் நிரல் எழுதுவதைவிட, எழுதியதை இன்னொரு மெஷினில் எழுப்பி உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. ஸ்பிரிங் பூட் (செயலியின் அடித்தளம்), லாக்பேக் (லாக் எழுதுவது), ஹிகாரி (டேட்டாபேஸ் இணைப்புகளைத் தயாராக வைத்திருப்பது) என்று நாம் சேர்க்கும் ஒவ்வொரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியும் தனக்கென்று ஒரு கான்ஃபிக் கோப்பும், தனக்கென்று ஒரு பிடிவாதமும் வைத்திருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தும் பழைய போர்ட்டிலேயே எழுகிறது. ஏன்?

இரண்டில் ஒன்று. நீங்கள் மாற்றிய கோப்பைச் செயலி படிக்கவே இல்லை. அல்லது படித்தது, ஆனால் அதைவிட அதிகாரம் கூடிய வேறொரு இடத்தில் பழைய எண் இருக்கிறது.

ஸ்பிரிங் பூட்டில் யார் சொல் அம்பலம் ஏறும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஆகக் கீழே இருப்பது, செயலியைக் கட்டித் தரும் பொட்டலமான ஜார் கோப்புக்குள் அடைபட்ட அப்ளிகேஷன் கோப்பு. அதற்கு மேல் ஜாருக்குள்ளேயே இருக்கும் ப்ரொஃபைல் கோப்பு (டெஸ்ட், ப்ரொடக்ஷன் என்று சூழலுக்கு ஒன்றாக வைப்பது). அதற்கு மேல் ஜாருக்கு வெளியே இருக்கும் கோப்பு, பிறகு வெளியே இருக்கும் ப்ரொஃபைல் கோப்பு. இவை எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிள் அடக்கும். அதை ஹைஃபன்-டி (ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து, பெரிய வடிவில்) போட்டுக் கொடுக்கும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி அடக்கும். அதையும் கட்டளை வரியில் இரட்டை ஹைஃபனோடு கொடுக்கும் மதிப்பு அடக்கும். யாரோ எப்போதோ சர்வரில் போர்ட்டை என்விரான்மென்ட் வேரியபிளாகப் போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள் கோப்பை நாள் முழுக்கத் திருத்தினாலும் பலன் இல்லை.

இந்த வரிசையில் ஒரு திருப்பம் 2020 நவம்பரில் வந்த 2.4 பதிப்பில் நடந்தது. அதுவரை ப்ரொஃபைல் கோப்பு எங்கே இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும். 2.4 முதல் ஜாருக்கு வெளியே இருக்கும் சாதாரண கோப்பு, உள்ளே இருக்கும் ப்ரொஃபைல் கோப்பை மீறிவிடும். பழைய பிராஜெக்ட்டை மேலேற்றிய கையோடு டேட்டாபேஸ் முகவரி மாறிப்போனது என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். அதே பதிப்பில் யாமல் (ப்ராப்பர்ட்டீஸுக்கு மாற்றான கோப்பு வடிவம்) கோப்புக்குள் ப்ரொஃபைலைக் குறிக்கும் சாவியும், அதாவது அமைப்பின் பெயரும், மாறியது: பழைய 'ஸ்பிரிங்.ப்ரொஃபைல்ஸ்' போய், 'ஸ்பிரிங்.கான்ஃபிக்.ஆக்டிவேட்.ஆன்-ப்ரொஃபைல்' வந்தது.

ஒரே ஃபோல்டரில் ப்ராப்பர்ட்டீஸும் யாமலும் இரண்டும் கிடந்தால் ப்ராப்பர்ட்டீஸ்தான் ஜெயிக்கும். இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, எது ஜெயித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பைப் பார்த்து ஊகிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலியையே கேளுங்கள். ஆக்சுவேட்டர் (செயலியின் உள்நிலையைக் காட்டும் ஸ்பிரிங் பூட் பகுதி) சேர்த்திருந்தால் அதன் 'என்வ்' முகவரிக்குப் பின்னால் சாவியின் பெயரைக் கொடுத்தால் போதும். எந்தெந்த மூலத்தில் அந்தச் சாவி இருக்கிறது, யாருடையது செல்லுபடியானது என்று வரிசையாகக் காட்டும். பூட் 3-இல் மதிப்புகள் இயல்பாகவே நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கும், ஆனால் மூலத்தின் பெயர் தெரியும். நமக்கு வேண்டியதும் அதுதான். இந்த முகவரியை வெளியுலகத்துக்குத் திறந்துவைத்துவிடாதீர்கள்.

ஆக்சுவேட்டர் இல்லையா? ஜாவாவின் கருவிப்பெட்டியான ஜேடிகேயோடு வரும் 'ஜேசிஎம்டி' கட்டளையைச் செயலியின் ப்ராசஸ் எண்ணோடு ஓட்டுங்கள். 'விஎம்.கமாண்ட்_லைன்' என்றால் எந்தக் கட்டளையில் எழுந்தது என்று காட்டும்; 'விஎம்.சிஸ்டம்_ப்ராப்பர்ட்டீஸ்' என்றால் உள்ளே இருக்கும் எல்லா சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகளையும் கொட்டும். செயலி எந்த யூசரின் பெயரில் ஓடுகிறதோ அதே யூசராக இருந்து ஓட்ட வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த இரண்டு வரிகளிலேயே விடை கிடைத்துவிடும்.

ஹைஃபன்-டி போட்டுத்தான் கொடுத்தேன். அப்போதும் எடுத்துக்கொள்ளவில்லையே?

எங்கே போட்டீர்கள்? ஜார் கோப்பின் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தால் அது, நிரலை ஓட்டும் இயந்திரமான ஜேவிஎம்முக்குப் போகாது. உங்கள் மெயின் மெத்தடுக்கு வெறும் வாதமாகப் போய்ச் சேரும். எரர் எதுவும் வராது. ஹைஃபன்-டி எப்போதும் 'ஹைஃபன்-ஜார்' என்பதற்கு முன்னால் வர வேண்டும்.

இதற்கு உடன்பிறப்பு ஒன்று: 'ஹைஃபன்-ஜார்' கொடுத்து ஓட்டும்போது, கூடவே கொடுக்கும் க்ளாஸ்பாத் (க்ளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) முழுவதும் புறக்கணிக்கப்படும். டிரைவர் ஜாரைப் பக்கத்தில் வைத்து 'ஹைஃபன்-சிபி' கொடுத்தும் க்ளாஸ் கிடைக்கவில்லை என்று வந்தால் காரணம் இதுதான்.

டாக்கரில் (செயலியைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) 'ஜாவா_ஆப்ட்ஸ்' என்று வேரியபிள் வைத்துவிட்டு மெமரி ஏறவில்லை என்பவர்களுக்கு: அந்தப் பெயர் ஜேவிஎம்முக்குத் தெரியாது. அது வெறும் வழக்கம். டாம்கேட் வெப் சர்வரின் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் போன்றவை அதை எடுத்து ஜாவா கட்டளையில் செருகுகின்றன. ஸ்கிரிப்ட் இல்லாமல் நேரே ஜாவாவை ஓட்டினால் அதைச் சீண்ட ஆள் இல்லை. ஜேவிஎம் தானாகப் படிக்கும் பெயர் 'ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ்'. படித்துவிட்டேன் என்று முதல் வரியிலேயே ஒரு குறிப்பும் எழுதும். அந்த வரி வராவிட்டால் வேரியபிள் கன்டெய்னருக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

மெமரி பேச்சு வந்ததால் ஒன்று: அளவு எதுவும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் கன்டெய்னருக்குக் கொடுத்த நினைவகத்தில் 25 சதவீதத்தை மட்டுமே ஹீப்பின் (ஆப்ஜெக்ட்கள் வாழும் நினைவகம்) உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி கொடுத்தால் ஹீப் 512 எம்பி. மீதி எங்கே போனது என்று தேட வேண்டாம். 'மேக்ஸ்ரேம்பர்சென்டேஜ்' வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்காக 95 என்று வைத்துவிடாதீர்கள். த்ரெட்களுக்கும் க்ளாஸ் விவரங்களுக்கும் ஹீப்புக்கு வெளியே இடம் வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் செயலியைக் கொன்றுபோட்டு 137 என்ற எண்ணை மட்டும் விட்டுச்செல்லும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது. சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டால் ஓடவில்லை.

ஜாருக்கு வெளியே இருக்கும் கோப்பை ஸ்பிரிங் பூட் தேடுவது ஜார் இருக்கும் ஃபோல்டரில் அல்ல. செயலியை எந்த ஃபோல்டரிலிருந்து கிளப்பினோமோ அங்கேயும், அதற்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரிலும். நீங்கள் ஜார் இருக்கும் இடத்துக்குப் போய்க் கையால் ஓட்டுகிறீர்கள், அதனால் கிடைக்கிறது. லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ரூட் ஃபோல்டரிலிருந்து கிளப்புகிறது. யூனிட் கோப்பில் 'வொர்க்கிங்டைரக்டரி' வரியைச் சேருங்கள்.

பாஷ்ஆர்சி கோப்பில் நீங்கள் போட்டுவைத்த வேரியபிள்களும் சர்வீஸுக்குத் தெரியாது. அவற்றை 'என்விரான்மென்ட்ஃபைல்' வழியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல, 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லை அதில் எழுதக் கூடாது. எழுதினால் அந்த வரி மட்டும் போச்சு.

சாவியில் புள்ளியும் ஹைஃபனும் இருக்கின்றன. என்விரான்மென்ட் வேரியபிளாக எப்படி எழுதுவது?

புள்ளியை அடிக்கோடாக்குங்கள், ஹைஃபனை எடுத்தே விடுங்கள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குங்கள். ஹைஃபனையும் அடிக்கோடாக்குவதுதான் பலரும் செய்யும் பிழை.

யாமல் கோப்பில் எழுதிய மதிப்பு ஒன்று, செயலிக்குப் போய்ச் சேரும் மதிப்பு வேறொன்று. இது என்ன மாயம்?

ஜாவா உலகில் பெரும்பாலும் யாமலைப் படிப்பது ஸ்னேக்யாமல் என்ற லைப்ரரி. அது பின்பற்றுவது யாமல் 1.1 விதிகளை. அந்த விதிகளில் மேற்கோள்குறி இல்லாத 'யெஸ்', 'நோ', 'ஆன்', 'ஆஃப்' நான்கும் சொற்கள் அல்ல, ட்ரூ அல்லது ஃபால்ஸ். நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு 'நோ' என்பதால் நாடுகளின் பட்டியலில் நார்வே மட்டும் ஃபால்ஸ் ஆகிவிடும். 'நார்வே பிரச்சினை' என்றே இதற்குப் பெயர்.

எண்களில் இன்னும் கூத்து. பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும்: 0123 என்று கிளைக் குறியீடு எழுதினால் செயலிக்குக் கிடைப்பது 83. முக்காற்புள்ளி இட்ட எண் அறுபதடிமானம்: 22:22 என்றால் 22 பெருக்கல் 60 கூட்டல் 22, ஆக 1342. பாபிலோனியர் கணக்கு இன்னும் நம் கான்ஃபிக் கோப்பில் உயிரோடு இருக்கிறது. கைபேசி எண், கணக்கு எண், கிளைக் குறியீடு, நேரம், பதிப்பு எண் எல்லாவற்றையும் மேற்கோள்குறிக்குள் வையுங்கள். டேப் எழுத்தால் உள்ளே தள்ளுவது யாமலில் செல்லாது. அதற்கு எரராவது வரும்.

அப்படியானால் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு பத்திரமா என்றால் அதுவும் இல்லை. அங்கே சமக்குறிக்குப் பின்னால் வரும் இடைவெளி வெட்டப்படும். ஆனால் வரியின் கடைசியில் இருக்கும் இடைவெளி மதிப்போடு சேர்ந்துவிடும். வாட்ஸாப்பிலிருந்து பாஸ்வேர்டைக் காப்பி செய்து ஒட்டும்போது கூடவே ஒரு ஸ்பேஸும் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டேட்டாபேஸ் உள்ளே விடாது, திரையில் பார்த்தால் பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும். நான் ஒரு முறை இதற்காக டேட்டாபேஸ் நிர்வாகியிடம் மூன்று தரம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, மூன்று தரமும் அதே ஸ்பேஸோடு ஒட்டினேன். எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் வசதியை அன்றைக்குத்தான் தேடிப் போட்டுக்கொண்டேன்.

விண்டோஸ் பாதையும் வம்புதான். பின்சாய்கோட்டுக்கு அடுத்து 'டி' ('டெம்ப்' என்பதன் முதல் எழுத்து) வந்தால் டேப், 'என்' வந்தால் புது வரி. 'டெம்ப்' ஃபோல்டருக்குள் 'நியூ' ஃபோல்டர் என்று ஒற்றைப் பின்சாய்கோட்டில் எழுதிப் பாருங்கள், இரண்டு விபத்தும் ஒரே வரியில் நடக்கும். முன்சாய்கோடு போட்டாலே ஜாவா விண்டோஸில் ஏற்றுக்கொள்ளும், அதையே போடுங்கள்.

செய்திகளைத் தமிழில் எழுதி ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைத்தேன். திரையில் குப்பையாக வருகிறது.

குப்பை எந்த வகைக் குப்பை என்று முதலில் பாருங்கள். மேலே சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்து ஒன்றும், வட்டத்துக்குள் இருக்கும் பதிவு வணிகக்குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8-இல் எழுதிய கோப்பை லத்தீன்-1 என்று நினைத்துப் படித்திருக்கிறது. தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகை. அதனால்தான் குப்பையிலும் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. 'வணக்கம்' என்பதற்கு, புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள். 21 எழுத்துக் குப்பையாக விரியும். வெறும் கேள்விக்குறிகள் வந்தால் அது வேறு நோய்: வெளியே எழுதும் இடத்தில் தமிழே இல்லாத எழுத்துக் குறியாக்க முறைக்கு மாற்றியிருக்கிறார்கள், எழுத்து அங்கேயே அழிந்துவிட்டது.

ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு பிறந்ததிலிருந்தே லத்தீன்-1. மற்ற மொழிக்காரர்கள் பின்சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என்று ஒவ்வொரு எழுத்தையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்கென்றே 'நேட்டிவ்2ஆஸ்கி' என்ற கருவி ஜேடிகேயோடு வந்தது. ஜாவா 9-இல் ரிசோர்ஸ்பண்டில் வழியாகப் படிக்கும் கோப்புகளுக்கு யூடிஎஃப்-8 இயல்பானது, கருவியும் நீக்கப்பட்டது. ஆனால் கவனியுங்கள்: ப்ராப்பர்ட்டீஸ் க்ளாஸின் 'லோடு' மெத்தடுக்கு இன்புட்ஸ்ட்ரீமைக் கொடுத்தால் இன்றும் லத்தீன்-1 தான். யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்த ரீடரைக் கொடுத்தால் சரியாகப் படிக்கும். ஸ்பிரிங் பூட் 2, 3 இரண்டிலும் அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு லத்தீன்-1 ஆகவே படிக்கப்படுகிறது. மெசேஜஸ் கோப்புகளோ யூடிஎஃப்-8. எனவே தமிழ் வாசகங்களை மெசேஜஸ் கோப்பிலோ யாமலிலோ வையுங்கள்.

கோப்பும் சரி, படிப்பதும் சரி, லாகில் மட்டும் குப்பை என்றால் ஜேவிஎம்மின் இயல்பு எழுத்துக் குறியாக்க முறையைப் பாருங்கள். ஜாவா 18-க்கு முன்பு அது ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்வதைப் பொறுத்தது. 18 முதல் எங்கும் யூடிஎஃப்-8. லாக்பேக்கின் என்கோடரிலும் 'சார்செட்' என்று தனியாகக் குறித்துவிடுவது நல்லது.

'நோசச்மெத்தட்எரர்' வருகிறது. அந்த மெத்தட் லைப்ரரியில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்த்த ஜார் வேறு, ஓடும்போது ஏறிய ஜார் வேறு. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் வெவ்வேறு வழிகளில் உள்ளே வர, பழையது ஜெயித்திருக்கிறது.

யார் ஜெயிப்பார் என்பது பில்ட் கருவியைப் பொறுத்தது. மேவன் பதிப்பு எண்ணைப் பார்ப்பதில்லை. உறவு முறையைப் பார்க்கிறது. உங்கள் பாம் கோப்புக்கு (மேவன் படிக்கும் பில்ட் விவரம்) நெருங்கிய சொந்தம் கொண்டுவந்த பதிப்புதான் செல்லும். தூரத்துச் சொந்தம் 2.15 கொண்டுவந்தாலும், பக்கத்துச் சொந்தம் 2.9 கொண்டுவந்தால் 2.9 தான். இருவரும் ஒரே தூரம் என்றால் பாமில் முதலில் எழுதப்பட்டவர் வழியாக வந்தது. கிரேடில் நேரெதிர்: யார் கொண்டுவந்தாலும் ஆகப் புதிய பதிப்பை எடுக்கும். அதனால் மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறும்போது நிரலில் ஒரு வரிகூட மாறாமல் நடத்தை மட்டும் மாறலாம்.

மேவனில் 'டிபெண்டன்சி:ட்ரீ' கட்டளையை 'வெர்போஸ்' சேர்த்து ஓட்டினால் யார் தோற்றார் என்பதும் தெரியும். கிரேடிலில் 'டிபெண்டன்சிஇன்சைட்'. இரண்டும் பில்ட் நேரத்து உண்மை மட்டுமே. சர்வரின் லிப் ஃபோல்டரில் யாரோ போட்டுவைத்த ஜார் இதில் வராது. ஓடும் நேரத்து உண்மை வேண்டுமென்றால் 'ஹைஃபன்-எக்ஸ்லாக்:க்ளாஸ்+லோடு' கொடுத்துச் செயலியை எழுப்புங்கள். ஜாவா 8 என்றால் 'ஹைஃபன்-வெர்போஸ்:க்ளாஸ்'. ஒவ்வொரு க்ளாஸும் எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று பக்கம் பக்கமாக வரும். எரரில் இருக்கும் க்ளாஸின் பெயரை அதில் தேடுங்கள்; பக்கத்திலேயே ஜாரின் முகவரி இருக்கும்.

தீர்வுக்கு 'எக்ஸ்க்ளூஷன்' என்று பத்து இடத்தில் வெட்டிக்கொண்டு போகாதீர்கள். 'டிபெண்டன்சிமேனேஜ்மென்ட்' பகுதியில் பதிப்பை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். ஜாக்சன் போன்றவை தங்கள் எல்லா ஜார்களுக்கும் பொருந்தும் பதிப்புப் பட்டியலை பாம் கோப்பாகவே தருகின்றன. அதை இம்போர்ட் செய்தால் கோர் ஒரு பதிப்பு, டேட்டாபைண்ட் ஒரு பதிப்பு என்ற கலப்படம் நடக்காது.

'க்ளாஸ்நாட்ஃபவுண்ட்', 'நோக்ளாஸ்டெஃப்ஃபவுண்ட்': இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது, யாரோ பெயரைச் சொல்லித் தேடினார்கள், கிடைக்கவில்லை. இரண்டாவது, கம்பைல் செய்தபோது இருந்தது, ஓடும்போது காணோம். இரண்டாவதில் 'குட் நாட் இனிஷியலைஸ்' என்ற வாசகம் இருந்தால் க்ளாஸ் காணாமல் போகவில்லை. அதன் ஸ்டேடிக் பகுதி முதல் முறை ஓடும்போது வெடித்திருக்கிறது. லாகில் மேலே போய் 'எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர்' எங்கே என்று தேடுங்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது; ஆயிரம் வரி கீழே நின்று க்ளாஸ்பாத்தைக் குடைந்து பயன் இல்லை.

'க்ளாஸ் ஃபைல் வெர்ஷன் 61' என்கிறது. 61 எந்த ஜாவா?

44-ஐக் கழியுங்கள்: 17. அதேபோல் 52 என்றால் 8, 55 என்றால் 11, 65 என்றால் 21. கம்பைல் செய்த ஜாவா புதிது, ஓட்டும் ஜாவா பழசு.

ஜாவாவை மேலேற்றியதும் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் க்ளாஸ்கள் காணவில்லை.

எது காணவில்லை என்பதைப் பொறுத்து இரண்டு கதைகள். ஜாக்ஸ்பி எனப்படும் எக்ஸ்எம்எல் பைண்டிங் போன்றவை ஜாவா 11-இல் ஜேடிகேயிலிருந்தே எடுக்கப்பட்டன. தனி ஜாராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செர்வ்லெட், பெர்சிஸ்டென்ஸ் போன்றவை என்றால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயரே ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியது. டாம்கேட் 10-உம் ஸ்பிரிங் பூட் 3-உம் புதுப் பெயரை மட்டுமே அறியும். பழைய வார் கோப்பை (வெப் செயலியின் பொட்டலம்) டாம்கேட் 10-இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' ஃபோல்டரில் போட்டால் அதுவே பெயர்களை மாற்றிக்கொள்ளும்; அவசரத்துக்கு அது போதும்.

லாக் ஒரு வரிகூட வரவில்லை. 'நோ-ஆபரேஷன்' என்று ஏதோ சொல்கிறது.

எஸ்எல்எஃப்4ஜே என்பது வெறும் முகப்பு. லாக்கை உண்மையில் எழுதுபவர் லாக்பேக்கோ லாக்4ஜே 2-ஓ. எழுதுபவர் யாரும் க்ளாஸ்பாத்தில் கிடைக்காவிட்டால் முகப்பு எல்லாவற்றையும் வாங்கிக் கிணற்றில் போட்டுவிடும். அதைத்தான் 'நோ-ஆபரேஷன்' என்கிறது.

ஆள் இருந்தும் இப்படி வந்தால் பதிப்புப் பொருத்தம் தவறியிருக்கும். 2022 ஆகஸ்டில் வந்த எஸ்எல்எஃப்4ஜே 2.0, எழுதுபவரைத் தேடும் முறையையே மாற்றிவிட்டது. 1.7 வரை 'ஸ்டேடிக்லாகர்பைண்டர்' என்ற க்ளாஸைத் தேடியது, 2.0 ஜாவாவின் சர்வீஸ்லோடரைப் பயன்படுத்துகிறது. எனவே லாக்பேக் 1.2-க்கு 1.7 தான் ஜோடி; லாக்பேக் 1.3, 1.4-க்கு 2.0 ஜோடி. லாக்4ஜே 2 பக்கமும் இரண்டு இணைப்பு ஜார்கள் உண்டு, 2.0-க்கு உரியதன் பெயரில் 'எஸ்எல்எஃப்4ஜே2' என்று இருக்கும். ஜோடி மாற்றிக் கட்டினால் சண்டை வராது, மௌனம்தான் வரும். அதுதான் மோசம்.

மறுபக்கம், எழுதுபவர்கள் இரண்டு பேர் இருந்தால் 'மல்டிபிள் பைண்டிங்ஸ்' எச்சரிக்கை வரும். உங்கள் லாக்பேக் எக்ஸ்எம்எல்லை எவ்வளவு திருத்தினாலும் மாறாததற்கு, வேலையை மற்றவர் செய்துகொண்டிருப்பதும் காரணமாகலாம். லாக்4ஜேயை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பும் ஜாரையும், எஸ்எல்எஃப்4ஜேயை லாக்4ஜேக்குத் திருப்பும் ஜாரையும் ஒன்றாக வைத்தால் இருவரும் 'அவரிடம் கேளுங்கள்' என்று மாற்றி மாற்றி அனுப்பி, ஸ்டாக் நிரம்பும்வரை ஓயமாட்டார்கள்.

எந்த எக்ஸ்எம்எல்லைப் படித்தது என்று அறிய, லாக்பேக்கின் தலை டேகில் 'டிபக்' ட்ரூ என்று வையுங்கள். டெஸ்ட்டுக்கு வைத்த 'லாக்பேக்-டெஸ்ட்' கோப்பு தவறி ஜாருக்குள் போயிருந்தால் அதுதான் முதலில் படிக்கப்படும்.

ஸ்கேனர் லாக்4ஜே இருக்கிறது என்று அலறுகிறது. நாங்கள் லாக்பேக்தானே பயன்படுத்துகிறோம்?

2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஷெல் ஓட்டை இருந்தது 'லாக்4ஜே-கோர்' ஜாரில். ஸ்பிரிங் பூட் தன் இயல்பு அமைப்பில் கொண்டுவருவது 'லாக்4ஜே-ஏபிஐ'-யும் அதை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பும் ஜாரும் மட்டுமே. கோர் இருக்கிறதா என்று டிபெண்டன்சி ட்ரீயில் பாருங்கள். இருந்தால் 2.17.1-க்குக் கீழே வைக்காதீர்கள்.

'கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள், 30000 மில்லிசெகண்டில் டைம்அவுட்' என்று ஹிகாரி சொல்கிறது. பூல் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுதி) அளவைக் கூட்டிவிடலாமா?

கூட்டும் முன் இரண்டு கேள்விகள்.

நீங்கள் ஏற்கெனவே எழுதிய அளவு அதற்குப் போய்ச் சேர்ந்ததா? பூல் அளவு போன்றவற்றுக்கு ஹிகாரி 'ஸ்பிரிங்.டேட்டாசோர்ஸ்.ஹிகாரி' என்பதன் கீழ் இருக்கும் சாவிகளை மட்டுமே எடுக்கும். 'ஹிகாரி' என்ற சொல் விட்டுப்போனாலோ, பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலோ எச்சரிக்கை வராது, ஏனென்றால் தெரியாத சாவியைப் புறக்கணிப்பதே ஸ்பிரிங் பூட்டின் இயல்பு. 2018-இல் பூட் 2.0 டாம்கேட் பூலை விட்டு ஹிகாரிக்கு மாறியபோது, பழைய டாம்கேட் சாவிகளைக் கொண்ட கோப்புகள் இப்படித்தான் சத்தமில்லாமல் செத்தன. 'காம்.சாக்ஸர்.ஹிகாரி' லாகரை டிபக்கில் வைத்து எழுப்புங்கள். தன் முழு அமைப்பையும் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டும். அதில் 10 என்று இருந்தால் இயல்பு அளவிலேயே ஓடுகிறது.

அடுத்தது, வாங்கிய கனெக்ஷனைத் திருப்பித் தருகிறீர்களா? 'லீக்டிடெக்ஷன்த்ரெஷோல்ட்' என்பதை 20000 என்று வைத்துப் பாருங்கள். இருபது வினாடிக்கு மேல் கனெக்ஷனைக் கையில் வைத்திருக்கும் நிரல் எது என்று ஸ்டாக் ட்ரேஸோடு லாகில் வரும். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் மூடாத கனெக்ஷன் அல்ல. ட்ரான்சாக்ஷனுக்குள் நின்றுகொண்டு வெளியே ஒரு பேமென்ட் சேவையையோ எஸ்எம்எஸ் சேவையையோ கூப்பிட்டுக் காத்திருக்கும் நிரல். இதில் 'ஓப்பன்-இன்-வியூ' வேறு இயல்பாகவே ட்ரூ. ரிக்வெஸ்ட் முடியும்வரை கனெக்ஷனைப் பிடித்துவைக்க இடம் கொடுக்கும். தொடக்க லாகில் அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், நாம்தான் படிப்பதில்லை.

இரண்டுக்குப் பிறகும் அளவு போதவில்லை என்றால் மறுமுனைக் கணக்கையும் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்கும் கனெக்ஷன்கள் 100. செயலி 12 பிரதிகளாக ஓடி, ஒவ்வொன்றும் 10 வைத்தால் 120. பூலை 50 ஆக்கினால் வலி இங்கிருந்து டேட்டாபேஸுக்கு இடம்பெயரும், அவ்வளவே.

இரவெல்லாம் சும்மா இருந்த செயலியில் காலையில் முதல் ரிக்வெஸ்ட் மட்டும் தோற்றால் 'மேக்ஸ்லைஃப்டைம்' பாருங்கள். இயல்பு 30 நிமிடம். டேட்டாபேஸோ நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ அதைவிடச் சீக்கிரம் கனெக்ஷனை வெட்டினால், அந்தக் கால அளவுக்குச் சில வினாடிகள் குறைவாக இதை வையுங்கள்.

ஐடிஇயில் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டினால் 'நோ சூட்டபிள் டிரைவர்'.

ஜார்களைப் பிரித்து ஒன்றாகக் கொட்டும்போது, ஒரே பெயருள்ள கோப்புகளில் ஒன்றுதான் மிஞ்சும். ஜேடிபிசி டிரைவர்கள் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைப்பவை) தங்களை அறிவித்துக்கொள்வது மெட்டா-இன்ஃபுக்குள் இருக்கும் சர்வீசஸ் கோப்பில். இரண்டு டிரைவர்கள் என்றால் ஒருவரின் அறிவிப்பை மற்றவருடையது அழித்துவிடும். மேவன் ஷேட் ப்ளக்இனில் 'சர்வீசஸ்ரிசோர்ஸ்ட்ரான்ஸ்ஃபார்மர்' சேர்த்தால் அழிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும்.

அதே வேலையில் 'இன்வாலிட் சிக்னேச்சர் ஃபைல்' என்று வந்தால், கையொப்பமிட்ட ஜார் ஏதோ ஒன்றின் கையொப்பக் கோப்பும் கூட வந்துவிட்டது. ஷேட்டின் ஃபில்டரில் அதை விலக்குங்கள். சான்றிதழ்கள் வைக்கும் கீஸ்டோர் கோப்பு 'இன்வாலிட் ஃபார்மேட்' என்றால் மேவனின் ரிசோர்ஸ் ஃபில்டரிங்கைச் சந்தேகியுங்கள். பைனரி கோப்பை எழுத்துக் கோப்பு என்று நினைத்துப் படித்து எழுதி நாசமாக்கிவிடும்.

பிரவுசரில் திறக்கும் முகவரி ஜாவாவில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு'.

பிரவுசர் நம்பும் சான்றிதழ்ப் பட்டியல் வேறு, ஜாவா நம்பும் பட்டியல் வேறு. அலுவலக ப்ராக்ஸி தன் சொந்தச் சான்றிதழை நடுவில் செருகினால் ஜாவா அதை அறியாது. கீடூல் கொண்டு அந்தச் சான்றிதழை 'சிஏசெர்ட்ஸ்' கோப்பில் சேருங்கள்; இயல்பு பாஸ்வேர்டு 'சேஞ்ச்இட்', பெரும்பாலானோர் மாற்றியிருக்கவும் மாட்டார்கள். மெஷினில் நான்கு ஜாவா இருந்தால் செயலி எதில் ஓடுகிறதோ அதன் சிஏசெர்ட்ஸில்தான் சேர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'எல்லாச் சான்றிதழையும் நம்பு' நிரலை மட்டும் ஒட்டாதீர்கள்; அது டெஸ்ட்டோடு நிற்காமல் ப்ரொடக்ஷனுக்கும் போய்விடும்.

டேட்டாபேஸ் இணைப்பில் டைம்ஸோன் தகராறு. 'ஐஎஸ்டி' தெரியாது என்கிறது, 'ஆசியா/கல்கட்டா' செல்லாது என்கிறது.

இது நம் நாட்டுக்காரர்களுக்கென்றே வாய்த்தது. 'ஐஎஸ்டி' என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. மைஎஸ்க்யூஎல் டிரைவர் 8-இன் தொடக்கப் பதிப்புகள் எந்த நேரம் என்று தெரியாமல் நின்றுவிடும். இணைப்பு முகவரியில் 'சர்வர்டைம்ஸோன்' என்று சேர்த்து 'ஆசியா/கொல்கத்தா' கொடுங்கள்.

கல்கட்டா விஷயம் போஸ்ட்கிரெஸில் வரும். அதன் ஜேடிபிசி டிரைவர் இணையும்போதே ஜேவிஎம்மின் டைம்ஸோனைச் சர்வருக்குச் சொல்கிறது. விண்டோஸில் இந்திய நேரம் வைத்திருந்தால் ஜாவா சொல்லும் பெயர் 'ஆசியா/கல்கட்டா'. ஊர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது; பழைய பெயரை லினக்ஸ் வினியோகங்கள் சில தனிப் பொட்டலத்துக்கு ஒதுக்கிவிட்டதால், அந்தப் பொட்டலம் இல்லாத சர்வர் 'இப்படி ஓர் இடமே இல்லை' என்று கதவைச் சாத்துகிறது. நேற்றுவரை ஓடியது, போஸ்ட்கிரெஸ் இமேஜைப் புதுப்பித்ததும் நின்றது என்றால் இதுதான். 'யூசர்.டைம்ஸோன்' சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் 'ஆசியா/கொல்கத்தா' கொடுத்து ஜாவாவை எழுப்புங்கள். ஜார் பெயருக்கு முன்னால்!

எல்லாம் பார்த்துவிட்டேன், தீரவில்லை. அந்த லைப்ரரிக்காரர்களிடமே கேட்கலாமா?

தாராளமாக. ஆனால் அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து பதில் எழுதுபவர்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாமல் ஸ்டாக் ட்ரேஸை எழுத்தாகவே ஒட்டுங்கள், 'காஸ்டு பை' வரும் கடைசி வரிவரை. ஜாவா பதிப்பு, லைப்ரரி பதிப்பு, டிபெண்டன்சி ட்ரீ மூன்றும் வேண்டும். உங்கள் ஆபீஸ் பிராஜெக்ட்டை அப்படியே தராமல், கோளாறு மட்டும் வரும்படி ஒரு சின்ன பிராஜெக்ட் செய்து தாருங்கள். அதைச் செய்யும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். அனுப்பும் முன் கோப்பை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை படித்து, பாஸ்வேர்டும் டோக்கனும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது என்றால், பதிவை அழித்தால் போதாது. பாஸ்வேர்டையே அன்றைக்கே மாற்றுங்கள். ஒட்டும்போது ஸ்பேஸைப் பார்த்து.